ஸ்லோ ஜின்: உயிர்வேலிப் பழத்தின் வரலாறு

ஸ்லோ ஜின் என்பது இங்கிலாந்தின் வயல் வேலிகளில் விளையும் ஸ்லோ என்னும் சிறு பழத்தைச் சர்க்கரையுடன் சேர்த்து ஜின் மதுவில் ஊறவைத்துச் செய்யப்படும் செந்நிறப் பானம். பழம் ஊறவைத்த ஜின் வகைகளில் இதுவே மிகவும் பெயர் பெற்றது. இலையுதிர் காலத்தில் பழம் பறித்து, கிறிஸ்துமஸ் வரை ஊறவிட்டு, குளிர்காலத்தில் சிறு கிண்ணங்களில் பரிமாறுவது ஆங்கிலேய நாட்டுப்புற வழக்கம்.

இப்பானத்துக்குத் தேவையானவை பழம், ஜின், சர்க்கரை ஆகிய மூன்று மட்டுமே. இம்மூன்றும் ஒரு சாதாரண வீட்டின் கைக்கு எட்டியதற்குப் பின்னால் நில உரிமை, வரி, அடிமை முறை ஆகியவற்றின் நீண்ட வரலாறு இருக்கிறது. பொதுநிலத்திலிருந்து ஏழைகளை விலக்கி நிறுத்திய வேலியே அவர்களுக்கு இப்பழத்தையும் தந்தது என்பது அவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

புதரும் பழமும்

ஸ்லோ பழத்தைத் தரும் செடியை ஆங்கிலேயர் பிளாக்தார்ன், அதாவது கருமுள் என்று அழைக்கின்றனர். இதன் தாவரவியல் பெயர் புரூனஸ் ஸ்பைனோசா. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த இது பிளம், வாதுமை ஆகியவற்றின் நெருங்கிய உறவு. பட்டை கருமையாகவும், முட்கள் நீண்டு கூர்மையாகவும் இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலை துளிர்க்கும் முன்பே வெறுங்கிளைகளில் வெண்பூக்கள் நிறைந்துவிடும். அச்சமயத்தில் திரும்பி வரும் குளிரைக் ‘கருமுள் குளிர்’ என்று நாட்டுப்புற மக்கள் கூறுவர்.

பழம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. கருநீலத் தோலின்மேல் திராட்சையில் காண்பது போன்ற சாம்பல் பூத்த மெழுகுப் படலம் இருக்கும். பார்வைக்கு இனிக்கும் பழம் போலத் தோன்றினாலும், வாயில் இட்டுக் கடித்தால் பழுக்காத நாவற்பழம்போல் துவர்த்து, நாக்கும் கன்னமும் வறண்டு இழுத்துக்கொள்ளும். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். ஆயினும் மனிதர் இப்பழத்தை அறிந்தது மிகப் பழங்காலத்தில். ஆல்ப்ஸ் மலையில் 1991ல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ‘ஓட்ஸி’ பனி மனிதனின் உடலருகே ஒரு ஸ்லோ பழமும் கிடைத்தது.

நில அடைப்பும் உயிர்வேலியும்

இடைக்கால இங்கிலாந்தின் பல ஊர்களில் வயல்கள் திறந்தவெளியாக இருந்தன. ஊரைச் சுற்றிப் பொதுநிலமும் இருந்தது. சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பம்கூட அங்கே ஒரு பசுவையோ சில வாத்துகளையோ மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், அடுப்பெரிக்கப் புல்கரி வெட்டலாம். இவை எழுதப்படாத வழக்குரிமைகள்.

இந்நிலங்களைப் பிரித்துத் தனியார் பெயரில் எழுதி வேலியிடும் நடைமுறைக்கு நில அடைப்பு என்று பெயர். 1604 முதல் 1914 வரை இதற்காக 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றால் அடைக்கப்பட்ட பரப்பு 68 லட்சம் ஏக்கர். இது இங்கிலாந்தின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இவற்றில் பெரும்பாலானவை 1750க்குப் பின் வந்த நூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. நடைமுறையை எளிதாக்க 1801ல் ஒரு பொதுச் சட்டமும் இயற்றப்பட்டது. பத்திரம் காட்ட முடிந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. வழக்கத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களில் பலர் வெறுங்கையுடன் நின்றனர். ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்த உழவர் கவிஞர் ஜான் கிளேர் (1793–1864) தம் ஊரின் நிலம் 1809ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடைக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர். அந்த இழப்பு அவர் கவிதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

நிலம் பெற்றவர்கள் குறித்த காலத்துக்குள் அதற்கு வேலியிட வேண்டும் என்பது விதி. கல் கிடைக்காத சமவெளிகளில் உயிர்வேலியே மலிவானது. ஹாதார்ன் என்னும் வெண்முள் நாற்றுகள் லட்சக்கணக்கில் நடப்பட்டன. அவற்றுடன் கருமுள்ளும் சேர்ந்தது. நடப்படாத இடங்களிலும் பறவைகள் போட்ட கொட்டையிலிருந்தும் வேர்க்கன்றுகளாலும் அது தானே பரவியது. கால்நடை நுழைய முடியாத அடர்த்தியான முள்வேலிக்குக் கருமுள் மிகவும் ஏற்றது.

இங்கிலாந்தின் எல்லா வேலிகளும் இக்காலத்தவை அல்ல. டெவன், கார்ன்வால் போன்ற மேற்குப் பகுதிகளில் பல நூற்றாண்டுகள் முந்திய வேலிகள் உண்டு. ஆனால் நடு இங்கிலாந்தின் வயல்வெளியைக் கட்டம் கட்டமாக மாற்றியது நில அடைப்புதான். மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர்களின் பாதையோரம் எங்கும் இதன் விளைவாக ஸ்லோ பழம் பெருகியது.

ஜின்னும் வரியும்

ஜின் என்பது தானியத்திலிருந்து காய்ச்சி வடித்த சாராயத்துக்கு ஜூனிப்பர் காயின் மணம் ஏற்றிச் செய்யப்படும் மது. நெதர்லாந்தின் ஜெனிவர் என்னும் மதுவே இதன் முன்னோடி. பெயரும் அதிலிருந்து சுருங்கியதே. நெதர்லாந்திலிருந்து வந்த மூன்றாம் வில்லியம் 1689ல் இங்கிலாந்தின் அரசரானார். பிரான்சுடன் போர் மூண்டதால் பிரெஞ்சு பிராந்தி தடுக்கப்பட்டது. உள்நாட்டுத் தானியத்தில் சாராயம் வடிப்பதை 1690ஆம் ஆண்டுச் சட்டம் ஊக்குவித்தது. உபரித் தானியத்துக்குச் சந்தை கிடைத்ததால் நிலவுடைமையாளர்களும் இதை வரவேற்றனர்.

விளைவு விபரீதமானது. 1720 முதல் 1751 வரையான காலத்தை வரலாற்றாசிரியர்கள் ஜின் மோகக் காலம் என்கின்றனர். லண்டனின் ஏழைத் தெருக்களில் மளிகைக் கடையிலும் தள்ளுவண்டியிலும்கூட ஜின் விற்றது. சரக்கின் குறையை மறைக்க டர்பன்டைன் எண்ணெயும் கந்தக அமிலமும் கலக்கப்பட்டன. 1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுன் உரிமக் கட்டணமும், காலனுக்கு 20 ஷில்லிங் வரியும் விதித்தது. உரிமம் எடுத்தவர் மிகச் சிலரே, கள்ள விற்பனை பெருகியது, கலகமும் மூண்டது. 1743ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வில்லியம் ஹோகார்த் ‘ஜின் சந்து’ என்னும் புகழ்பெற்ற படத்தை வெளியிட்ட 1751ல் வந்த சட்டமே ஓரளவு பயன் தந்தது. அறுவடை பொய்த்த 1757 முதல் 1760 வரை தானியத்தில் சாராயம் வடிப்பதே தடை செய்யப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் ஜின்னின் தரம் உயர்ந்தது. ஈனியஸ் காஃபி 1830ல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகலத்தால் தூய்மையான சாராயத்தை இடைவிடாமல் வடிக்க முடிந்தது. அதுவரை கரகரப்பை மறைக்க இனிப்புச் சேர்த்து விற்ற ஜின், இனிப்பில்லாத தெளிந்த மதுவாக மாறியது. பழத்தின் சுவையைத் தடையின்றி ஏற்று வெளிப்படுத்த இத்தகைய ஜின் ஏற்றதாக அமைந்தது.

கலப்படத்துக்கு உதவிய செடி

ஜின்னுடன் பெயர் சேர்வதற்கு முன் கருமுள் செடிக்குக் கலப்படச் சரக்கு என்ற அவப்பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் தேயிலைமீது கடும் வரி இருந்ததால், ஸ்லோ இலையை உலர்த்திச் சாயமேற்றித் தேயிலையுடன் கலந்தனர். இதைத் தடுக்க 1777ல் தனிச் சட்டமே வந்தது. மரங்கள் அழிவதையும், மக்களின் உடல்நலக் கேட்டையும், அரசு வருவாய் குறைவதையும் அது காரணமாகக் காட்டியது. 1784ல் தேயிலை வரி 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் கலப்படம் ஒழியவில்லை. முள்செடி இலைகளைத் தேயிலையாக விற்ற லண்டன் வணிகர்கள் 1818ல் தண்டிக்கப்பட்டனர். வேதியியலர் ஃபிரெடரிக் அக்கம் 1820ல் வெளியிட்ட உணவுக் கலப்பட நூலில் இவ்வழக்குகளைப் பதிவு செய்தார்.

பழத்தின் கதையும் இப்படியே. 1703ல் போர்த்துகலுடன் செய்த மெதுவன் ஒப்பந்தத்தின்படி, போர்த்துகீசிய திராட்சை மதுவுக்குப் பிரெஞ்சு மதுவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சுங்கம் விதிக்கப்பட்டது. இதனால் போர்ட் மது ஆங்கிலேயரின் விருப்பப் பானமாயிற்று. கிராக்கி கூடியதும் போலியும் வந்தது. ஆழ்ந்த சிவப்பு, துவர்ப்பு, கனம் ஆகியவை போர்ட்டின் அடையாளங்கள். முதல் இரண்டும் ஸ்லோ சாற்றில் இலவசமாகக் கிடைத்தன. மலிவான மதுவில் ஸ்லோ சாறு கலந்து போர்ட் என்று விற்பது 19ஆம் நூற்றாண்டில் கேலிப்பேச்சாகும் அளவுக்குப் பரவியிருந்தது. இனிப்பும் துவர்ப்பும் செந்நிறமும் கொண்ட ஸ்லோ ஜின், போர்ட் வாங்க வசதியில்லாத வீடுகளில் அந்த இடத்தை வெளிப்படையாகவே நிரப்பியது.

சர்க்கரையின் பங்கு

எத்தனை மாதம் ஊறினாலும் சர்க்கரை இல்லாமல் ஸ்லோவின் துவர்ப்பைக் குடிக்க முடியாது. ஆகவே சர்க்கரை மலிவாகும்வரை இப்பானம் எளிய வீடுகளுக்கு வர வழியில்லை. 1700ல் பிரிட்டனில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பவுண்டு எடையாக இருந்த சர்க்கரைப் பயன்பாடு 1800ல் ஏறத்தாழ 18 பவுண்டாக உயர்ந்தது. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை அது.

அடிமை ஒழிப்புச் சட்டம் 1833ல் நிறைவேறியபின் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளை நாடினர. மொரீசியஸ் தீவுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அத்தீவின் சர்க்கரைக்கு 1825 முதல் கரீபியச் சர்க்கரைக்கு நிகரான சுங்கமே இருந்ததால் அது பிரிட்டிஷ் சந்தைக்குத் தாராளமாகச் சென்றது. 1874ல் சர்க்கரைமீதான சுங்கம் முற்றிலும் நீக்கப்பட்டது. பழக்கூழும் பழமதுவும் வீட்டிலேயே செய்யும் வழக்கம் விரிவடைந்த காலம் இது. பிளிமத் நகரின் ஜின் நிறுவனம் தன் ஸ்லோ ஜின் குறிப்பு 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறது. கார்டன்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லோ ஜின்னை விற்கத் தொடங்கியது.

செய்முறையும் சுவையும்

செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை பழம் பறிக்கப்படுகிறது. முதல் உறைபனி விழுந்த பிறகே பறிக்க வேண்டும் என்பது பழைய விதி. பனியில் பழத்தின் திசுக்கள் வெடிப்பதால் சாறு எளிதாக இறங்கும். பனிக்காகக் காத்திருந்தால் பறவைகள் முந்திக்கொள்ளும் என்பதால், முன்னதாகவே பறித்துக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைப்போர் இன்று அதிகம். அந்தச் செடியின் முள்ளாலேயே ஒவ்வொரு பழத்தையும் குத்தித் துளையிடுவது இன்னொரு பழைய வழக்கம்.

500 கிராம் பழம், 250 கிராம் சர்க்கரை, 1 லிட்டர் ஜின் என்பது பரவலாக உள்ள அளவு. இவற்றைக் கண்ணாடிச் சாடியில் இட்டு மூடி, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை குலுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் துணியால் வடிகட்டிப் புட்டியில் அடைப்பர்.

சாடிக்குள் நடப்பது எளிய வேதியியல். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கிறது. ஆல்கஹாலும் நீரும் சேர்ந்து தோலிலுள்ள ஆந்தோசயனின் நிறமியையும், டானினையும், மணப்பொருள்களையும் கரைத்துக்கொள்கின்றன. கொட்டையிலிருந்து மெல்லிய வாதுமை மணம் இறங்குகிறது. நெடுங்காலம் ஊறினால் அந்த மணமே மேலோங்கும். பழச்சாறு கலப்பதால் ஜின்னின் வீரியம் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஜின்னில் குறைந்தது 37.5 சதவீதமும், ஸ்லோ ஜின்னில் குறைந்தது 25 சதவீதமும் ஆல்கஹால் இருக்க வேண்டும்.

நல்ல ஸ்லோ ஜின்னில் முதலில் இனிப்பும், அடுத்துப் புளிப்பும், முடிவில் துவர்ப்பும் தெரியும். ஜூனிப்பரின் பிசின் மணம் பின்னணியில் நிற்கும். சர்க்கரை மிகுந்தால் இருமல் மருந்துபோல் ஆகிவிடும். எனவே முதலில் குறைவாக இட்டு, வடிகட்டும்போது சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது என்பாரும் உண்டு.

பரிமாறும் முறைகள்

மரபான முறை, எதுவும் கலக்காமல் சிறு கிண்ணத்தில் உணவுக்குப் பின் பரிமாறுவது. நரி வேட்டைக்கும் பறவை வேட்டைக்கும் செல்வோர் சட்டைப்பையில் அடங்கும் தட்டைக் குப்பியில் இதை எடுத்துச் செல்வர். குதிரைமேல் அமர்ந்திருப்பவருக்குப் புறப்படும்முன் வழங்கும் வழிமதுவாகவும் இது பயன்பட்டது. பொதுநில வேலியில் ஏழைகள் பொறுக்கிய பழத்தின் பானம் நிலவுடைமையாளரின் வேட்டைக் களத்துக்கும் சென்றது இப்படித்தான்.

இன்று பனிக்கட்டியுடன் டானிக் நீர் அல்லது கசப்பு எலுமிச்சைச் சோடா கலந்தும், நுரைக்கும் திராட்சை மதுவில் சில துளிகள் விட்டும், சூடான ஆப்பிள் சாற்றில் சேர்த்தும் பரிமாறுகின்றனர். வடிகட்டி எஞ்சிய பழமும் வீணாவதில்லை. கொட்டை நீக்கிச் சாக்லேட்டில் சேர்ப்பர். டெவன் பகுதியில் அதை ஆப்பிள் மதுவான சைடரில் மீண்டும் ஊறவைத்து ‘ஸ்லைடர்’ என்னும் பானம் செய்வர்.

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லோ ஜின்னுடன் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சோடா சேர்த்த ‘ஸ்லோ ஜின் ஃபிஸ்’ புகழ் பெற்றது. பிற்காலத்தில் அங்கே மலிவுச் சாராயத்தில் செயற்கை மணமும் சாயமும் சேர்த்த சரக்கு இதே பெயரில் விற்றதால் பெயர் கெட்டது. ஐரோப்பிய விதி, ஜின்னில் ஸ்லோ பழத்தை ஊறவைத்துச் செய்ததையே ஸ்லோ ஜின் என்று விற்க அனுமதிக்கிறது.

பிற பழ ஜின்கள்

டாம்சன் என்னும் சிறு பிளம், ராஸ்பெரி, பிளாக்பெரி ஆகியவற்றையும் இவ்வாறே ஊறவைப்பதுண்டு. டாம்சன் ஜின் ஸ்லோவைவிடக் கனமான பழச்சுவையும் குறைந்த துவர்ப்பும் உடையது. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் ஸ்லோ பழத்தைச் சோம்பு மணமுள்ள சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் பச்சரான் புகழ் பெற்றது. பழம் ஒன்றாக இருந்தாலும் ஊறும் மது மாறும்போது சுவை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டமும் இன்றைய வேலியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய இயந்திரங்களுக்கு இடம் வேண்டி இங்கிலாந்தில் உயிர்வேலிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. ஒரு காலத்தில் இழப்பின் அடையாளமாக எழுந்த வேலி இப்போது காக்கப்பட வேண்டியதாயிற்று. 1997ஆம் ஆண்டு உயிர்வேலி விதிகளின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான நாட்டுப்புற உயிர்வேலிகளை அகற்றும்முன் உள்ளாட்சி அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் இயந்திரத்தால் ஒட்ட வெட்டப்படும் வேலி நின்றும் பயனில்லை. ஸ்லோ முந்தைய ஆண்டின் கிளைகளில்தான் காய்க்கும். பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்னும் அரிய பட்டாம்பூச்சி முட்டையிடுவதும் கருமுள்ளின் இளங்கிளைகளில்தான். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டினால் பழமும் பூச்சியும் தப்பும்.

பழத்தைப் பறிக்கும் உரிமை இன்றும் உள்ளது. இங்கிலாந்து, வேல்சுக்கான 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 4(3)ஆம் பிரிவின்படி, யாருடைய நிலத்திலாயினும் தானாக வளர்ந்த செடியின் பழத்தையோ பூவையோ பறிப்பது திருட்டாகாது. விற்பனைக்காகப் பறித்தால் மட்டுமே குற்றம். செடியை வேரோடு எடுக்கவோ, அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் நுழையவோ இச்சட்டம் உரிமை தரவில்லை. வரி செலுத்திய ஜின்னில் வீட்டில் பழம் ஊறவைப்பதற்கு உரிமமும் வேண்டியதில்லை. உரிமமின்றிச் சாராயம் வடிப்பதுதான் குற்றம். ஆகவே பாதையோர வேலியில் கைக்கு எட்டும் ஸ்லோ பழம், வேலிக்கு அப்பால் உள்ள நிலம் யாருடையதாக இருந்தாலும், வீட்டுத் தேவைக்குப் பறிப்பவருக்கு உரியதாகவே இருந்து வருகிறது.